கோமு வழுக்கி விழுந்த பாறைக்குழி

சக்கரச்சாமிக்கு வயசு நாப்பதுதான். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தவரு, ஒருநா கடையப் பூட்டிட்டு சாமியாயிட்டாரு. மீனு, கறி எல்லாத்தையும் விட்டாச்சு. வாயை மட்டும் விடல. சீடன்னு பாத்தா ஒரே ஒரு ஆளு. ஆவுடையப்பன், ரிட்டயர்டு கண்டக்டர், வயசு அறுபத்தெட்டு.

ஒருநா விடியக்காலையில ஆவுடையப்பன் வந்து நின்னாரு. மூஞ்சியே சரியில்ல.

"சாமி, எம் பொண்டாட்டி கோமு காலமாயி மூணு வருசமாச்சு, வீட்டுல நான் ஒத்தையாளு. இப்போ அவ மொகம் மறந்துக்கிட்டே போகுது. போட்டோவுல இருக்கது அவளாட்டமே இல்ல."

"கடைசியா எங்க வச்சுத் தொலச்சீரு?"

"சாவியா சாமி, வச்ச எடத்தச் சொல்ல?" கோவம் வந்தாலும் அவருக்கு ஞாபகம் வந்துருச்சு. "கல்யாணமான புதுசுல முட்டம் கடக்கரைக்குப் போனோம். பாறைக்கு நடுவுல குளம் கணக்கா கடத்தண்ணி கெடக்கும். அதுல வழுக்கி விழுந்துட்டா. நனஞ்ச சேலையோட எந்திரிச்சு, 'ஸ்டாப்பே வரல, அதுக்குள்ள எறக்கி விட்டுட்டீயளே'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க..."

"அப்ப கெளம்பும். டிக்கெட்ட நீரு எடும்."

போய்ச் சேந்தப்போ கடல் வத்திக் கெடந்துச்சு. பாறை பூரா குழி குழியாத் தண்ணி. ஆவுடையப்பன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஒவ்வொண்ணா எட்டிப் பாத்தாரு. ஒண்ணுல நண்டு, ஒண்ணுல பாசி, ஒண்ணுல பிஸ்கட் கவரு. எல்லாத்துலயும் அவரு வழுக்கத் தல.

"இதுவா அண்ணாச்சி?"

"இல்ல சாமி."

"அது?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு." அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அவளத் தொலச்சேன். அவ விழுந்த குழியவும் தொலச்சுட்டேனே."

கீழ மணல்ல இருவது பேரு கரைமடி வலையோட கயித்த இழுத்துக்கிட்டு நின்னாங்க. சாமி ஆவுடையப்பன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி கயித்துல வச்சாரு.

"நான் எதுக்கு வந்தேன், நீரு என்ன..."

"இழும் வே."

பின்னால நின்னவன் கத்துனான்: "பெரியவரே, கயித்துல தொங்காதீரும்!"

"அவரச் சொல்லிக் குத்தமில்லப்பா," சாமி சொன்னாரு. "முப்பது வருசம் பஸ்ஸுக் கம்பியில தொங்குன கையி."

இழுத்து இழுத்து ஒருவழியா மடி கரை ஏறுச்சு. பூரா நெத்திலி. வெயில்ல துள்ளுது. அந்தக் கரையில ஒரு வழக்கம், கயித்துல கை வச்ச யாரையும் வெறுங்கையா அனுப்ப மாட்டாங்க. பிரகாசின்னு ஒரு அம்மா கூடையோட வந்து, வீட்டுல எத்தன பேருன்னு கேட்டு, ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுவா.

"அண்ணாச்சி, வீட்டுல எத்தன பேரு?"

மூச்சு வாங்குன வாக்குல ஆவுடையப்பன் சொன்னாரு: "ரெண்டு பேரு."

ரெண்டு கை நெத்திலி துண்டுல விழுந்துச்சு. பெறகுதான் அவருக்கு ஒறச்சுது. வெக்கமாப் போச்சு.

"உமக்கும் சேத்துத்தான் சாமி சொன்னேன்."

சாமி துண்ட ஒரு பார்வை பாத்தாரு.

"நான் மீனு திங்கமாட்டேன்னு ஒமக்குத் தெரியும். அந்த ரெண்டாவது கை யாருக்கு வே?"