யானை முதுகில் இடம் பிடித்த மூட்டை

கடம்பு பூத்துவிட்டால் அந்தக் காட்டில் திருநாள். திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய சந்தை கூடும். ஆற்றில் வெள்ளம் ஓடுகிற காலம் அது. அதனால் சின்ன மிருகங்கள் எல்லாம் யானையின் முதுகில் ஏறித்தான் சந்தைக்குப் போகும். சாயங்காலம் அதே முதுகில் ஏறித்தான் வீடு திரும்பும்.

அந்த வருஷம் பூங்காவனம் என்ற முயல் சந்தைக்குப் போயிருந்தாள். கூடவே அவளுடைய நாத்தனார் மரகதமும் போயிருந்தாள்.

மரகதத்துக்குச் சந்தை என்றால் கால் தரையில் நிற்காது. குன்றிமணி மாலையைக் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். மயிலிறகைக் காதில் செருகிப் பார்த்தாள். எதையும் வாங்கவில்லை, எல்லாவற்றையும் விலை கேட்டாள்!

பூங்காவனம் வாங்க வந்தது ஒன்றே ஒன்றுதான். வசம்பு. வீட்டில் அவளுடைய சின்னக் குட்டி ஐந்து நாளாக வயிற்று வலியில் அழுதுகொண்டிருந்தது. பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அழுது அழுது குட்டியின் குரலே கம்மிப்போயிருந்தது. வசம்பைக் கல்லில் உரசித் தொப்புளைச் சுற்றித் தடவினால் வலி நிற்கும். ஆனால் வசம்பு மலைக்கு அப்பால்தான் விளைகிறது. கரடி அதை வருஷத்துக்கு ஒரு தடவை, இந்தச் சந்தைக்கு மட்டும்தான் கொண்டுவரும்.

"இதுதாம்மா கடைசித் துண்டு," என்றது கரடி. "கொஞ்சம் பிந்தியிருந்தா வெறுங்கையோட போயிருப்பே!"

பூங்காவனம் அதை வாங்கித் தேக்கிலையில் மடித்தாள். கொடியால் கட்டினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, உள்ளே தங்கமா இருக்கு? இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க!" என்று சிரித்தாள் மரகதம்.

"உன் மருமகன் அழறது உனக்குக் கேட்கலையா? எனக்கு இது தங்கத்துக்கும் மேலடி!"

இரண்டு பேரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அங்கே பார்த்தால் கூட்டமான கூட்டம்! மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. யானை தண்ணீர் ஓரமாக நின்று, "இதுதான் கடைசி நடை! ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க!" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், எல்லாரும் முண்டியடித்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. யானை முதுகில் இடம் பிடிக்க வேண்டுமா? கீழே நின்றபடியே மூட்டையை மேலே வீசிவிட வேண்டும். மூட்டை விழுந்த இடம் மூட்டைக்காரருக்குச் சொந்தம். அப்புறம் ஆற அமர ஏறிக்கொள்ளலாம். யாரும் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் பெரிய சண்டை வந்துவிடும்!

அன்றைக்கு யானை முதுகில் முதல் ஆளாக ஒரு மரநாய் ஏறியிருந்தது. தலையில் தாழை மடலை வளைத்துக் கட்டியிருந்தது. பார்க்க யானையின் வேலையாள் மாதிரியே இருந்தது.

"ஏறு, ஏறு! முன்னால போ, முன்னால போ!" என்று அது கூவியது. "மூட்டையை எல்லாம் இங்கே குடுங்க! நான் இடம் போட்டு வைக்கிறேன்!"

காட்டுப்பன்றி தன் மூட்டையைக் கொடுத்தது. கௌதாரி கொடுத்தது. ஒரு கீரிப்பெண் தூக்கியே போட்டாள்.

"அக்கா, நீங்களும் குடுங்க! கையில மூட்டையை வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவீங்க?" என்றது மரநாய்.

பூங்காவனம் தயங்கினாள். "இல்லப்பா, இருக்கட்டும். கையிலேயே வெச்சுக்கிறேன்."

மரகதம் அவளை இடித்தாள். "போடுங்க அண்ணி! காலையிலேருந்து நடந்து என் பாதமே தேஞ்சுபோச்சு. ஊரே போடுது, நீங்க மட்டும் என்ன? நின்னுக்கிட்டே போகச் சொல்றீங்களா?"

பின்னால் இருந்து இன்னொருவர், "போடுறதுன்னா போடும்மா, இல்லாட்டி வழியை விடு!" என்று கத்தினார்.

பூங்காவனத்துக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. மூட்டையை மேலே நீட்டினாள். மரநாய் பவ்வியமாக வாங்கிக்கொண்டது.

"நடுவுல நல்ல இடமாப் போட்டிருக்கேன் அக்கா. மெதுவா வாங்க!"

யானை முழங்காலை மடக்கிக் கொடுத்தது. எல்லாரும் இடது பக்கமாகத் தொற்றி ஏறினார்கள். ஒருவர் வாலை ஒருவர் மிதித்தார்கள். கௌதாரி கீழே விழுந்து மறுபடி ஏறியது. முயல்கள் இரண்டும் மேலே போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

நடுவில் அந்தக் கீரிப்பெண் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இது எங்க இடம். இங்கே என் மூட்டை இருந்துச்சே?" என்றாள் பூங்காவனம்.

"இங்கே ஒரு மூட்டையும் இல்லையே! காலியாக் கிடந்துச்சு, உட்கார்ந்தேன்."

பூங்காவனம் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். மூட்டையைக் காணோம். தாழை மடல் கட்டிய மரநாயையும் காணோம்!

யானை எழுந்து நின்றுவிட்டது. ஒரு காலைத் தண்ணீரிலும் வைத்துவிட்டது.

"அண்ணி, சத்தம் போடாதீங்க," என்று மரகதம் காதோடு சொன்னாள். "எல்லாரும் நம்மளையே பார்ப்பாங்க. விவரம் கெட்டதுங்கன்னு சிரிப்பாங்க. கரை சேர்ந்ததும் மெதுவா விசாரிச்சுக்கலாம்."

பூங்காவனத்துக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. யார் மீதும் குரல் உயர்த்திப் பழகாதவள் அவள். ஆனால் கம்மிப்போன அந்தச் சின்னக் குரல் அவள் காதுக்குள் கேட்டது. யானை இன்னும் நாலு அடி வைத்தால் ஆழம் வந்துவிடும். அப்புறம் வசம்பு அடுத்த வருஷம்தான்.

"நில்லுங்க!" என்று அலறினாள். "ஆனையண்ணே, நில்லுங்க! என் மூட்டையைத் திருடிட்டாங்க!"

யானை நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மழை வருது, இப்பப் போய் மூட்டை முடிச்சுன்னுக்கிட்டு!" என்று உறுமியது காட்டுப்பன்றி. "பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்குச் சந்தைக்கு வரணும்?"

"உங்க மூட்டை எங்கே இருக்கு பன்றியண்ணே?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"என் மூட்டையா? இதோ, இங்கே..." காட்டுப்பன்றி இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. "ஐயையோ! என் மூட்டை!"

"என்னோடதும் காணோம்!" என்றது கௌதாரி.

"ஐயோ, என் குழந்தைகளுக்கு வாங்கினது!" என்றாள் கீரிப்பெண்.

முதுகு முழுக்க ஒரே கூப்பாடு. யானை தும்பிக்கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கியது.

"மூட்டையை யார் கிட்டே குடுத்தீங்க?"

"உங்க ஆள் கிட்டதான்!"

"என் ஆளா? எனக்கு ஏது ஆள்? அவன் உங்க ஆளுன்னுல்ல நான் நினைச்சேன்!"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போதுதான் விஷயம் புரிந்தது. எல்லாரும் இடது பக்கம் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தபோது, மரநாய் மூட்டைகளை வலது பக்கமாகக் கீழே உருட்டிவிட்டிருக்கிறது. அப்புறம் யானையின் வாலைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு அதுவும் இறங்கிவிட்டது.

"அவ்வளவு மூட்டையையும் தூக்கிக்கிட்டு அவனால தூரம் ஓட முடியாது," என்றது யானை. "நாம போற வரைக்கும் இங்கேதான் எங்கேயோ பதுங்கியிருப்பான். ஏம்மா, உன் மூட்டையில என்ன இருந்துச்சு?"

"வசம்பு, அண்ணே!"

"வசம்பா? நல்லதாப் போச்சு!"

யானை தும்பிக்கையை நீட்டியது. காற்றை மெல்ல உறிஞ்சியது. வலது பக்கம் திரும்பியது. வசம்பின் காட்டமான வாசனை எங்கே மறையும்? இரண்டே எட்டு வைத்து, நாணல் புதருக்குள் தும்பிக்கையை விட்டது. வெளியே எடுத்தபோது அதில் மரநாய் தொங்கிக்கொண்டிருந்தது! அதன் வாயில் தேக்கிலை மூட்டை இருந்தது. தாழை மடல் ஒரு காதில் தொங்கியது.

பூங்காவனம் தாவி மூட்டையைப் பிடுங்கினாள். பிரித்துப் பார்த்தாள். வசம்பு அப்படியே இருந்தது. மறுபடி மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு இவ்வளவு கோபம்?" என்றது மரநாய். "மழையில நனையக் கூடாதுன்னு பத்திரமா எடுத்து வெச்சேன்!"

"எங்க மேல எவ்வளவு அக்கறை!" என்றாள் மரகதம். "எங்களை நனைய விட்டுட்டு மூட்டைக்கு மட்டும் குடை பிடிச்சியா?"

மேலே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மரநாய் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குள் சந்தைக் காவலுக்கு இருந்த செந்நாய்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தன. யானை மரநாயை அவற்றிடம் ஒப்படைத்தது. புதரிலிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உரியவர்களிடம் கொடுத்தது.

காட்டுப்பன்றி தன் மூட்டையை வாங்கிக்கொண்டு, பூங்காவனத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பியது. "தங்கச்சி, ஏதோ கோபத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதே. நீ மட்டும் வாயைத் திறக்கலைன்னா எங்க திருநாளும் போயிருக்கும்."

"பரவாயில்லை அண்ணே. கிடைச்சுதே, அது போதும்."

யானை மறுபடி ஆற்றில் இறங்கியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் மூட்டையை வயிற்றுக்கடியில் வைத்துக் குனிந்துகொண்டார்கள். உட்கார இடம் கிடைக்காத மரகதம் கரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். ஒரு வார்த்தை முனகவில்லை!

வீட்டுக்குள் நுழைந்ததும் பூங்காவனம் ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. வசம்பை உரசினாள். குட்டியின் தொப்புளைச் சுற்றித் தடவினாள். குட்டி முகத்தைச் சுளித்தது, காலை உதைத்தது. பிறகு தன் உடம்பைவிடப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடியே தூங்கிப்போனது.

மரகதம் பக்கத்தில் குந்தி, அதன் காதை மெல்ல வருடினாள். பூங்காவனம் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

திருநாள் கூட்டத்தில் நம் பொருளை நம் கையைவிட்டு விடக்கூடாது, தப்பித் தவறிக் களவு போய்விட்டாலோ நாலு பேர் சிரிப்பார்களே என்று கூசாமல் நின்ற இடத்திலேயே உடனே குரல் கொடுத்துவிட வேண்டும்.