அமைச்சருக்கு வந்த மன்னர் நோய்

மிளகுக்குப் பேர்போன குடக்கரை நாட்டை முன்னொரு காலத்தில் மதயானைவர்மன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். அரியணையில் அமர்ந்து ஆண்டான் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நம் கதை நடந்த நாட்களில் அவன் நின்றுகொண்டே ஆண்டான்.

மன்னன் நிற்கும்போது சபையில் எவரும் உட்காரக் கூடாது என்பது அந்த நாட்டு முறை. ஆகவே பன்னிரண்டு நாட்களாக மொத்தச் சபையும் நின்றது. "மற்ற நாட்டு மன்னர்கள் உட்கார்ந்து உட்கார்ந்தே மழுங்கிப்போனார்கள். நம் மன்னரைப் பாருங்கள், நிற்கிறார்!" என்று அரண்மனை அதிகாரி செண்டலங்காரர் தினமும் புதிதாக வியந்தார்.

அமைச்சர் காளத்தியாருக்கு அறுபத்தேழு வயது. முழங்கால்கள் இரண்டும் கெஞ்சின. அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் மன்னன் முகத்தைப் பார்த்தபோது அவர் மன்னன் நிற்கும் விதத்தைப் பார்த்தார். குதிரையேற்றம் நின்றுபோயிருந்தது. பல்லக்கைக் கண்டாலே மன்னன் முகம் சுளித்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, கோயில் யானை மதிலில் உரசுவதுபோல, தூணில் செதுக்கிய யாளியின் மேல் சாய்ந்து மெல்ல அசைந்தான். அப்போது அவன் கண்கள் சுகத்தில் சொருகின.

மூல நோய்தான். காளத்தியாருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யார் சொல்வது? மன்னருக்கு நோய் என்று வாய் திறப்பதே குற்றம். போதாததற்கு, 'எவருக்கும் முதுகு காட்டாதவன்' என்பது அவனுடைய பட்டம். "மன்னா, சற்றுத் திரும்பி நில்லுங்கள்" என்று கேட்ட பாவத்துக்கு மூன்று வைத்தியர்கள் சிறையில் இருந்தார்கள்.

வரும் பௌர்ணமிக்கு அயல்நாட்டு மன்னர் சமாதானம் பேச வருவதாக இருந்தது. இருவரும் ஒரே பீடத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் சமாதானம். ஒருவர் நின்றால் போர்.

"சமாதானப் பொறுப்பை அமைச்சரிடமே விடலாம் மன்னா," என்றார் செண்டலங்காரர் தேன் ஒழுக. "அன்று தாங்கள் அமரவில்லை என்றால், அவர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் போகட்டும்."

எரிச்சலில் இருந்த மன்னன், "அப்படியே ஆகட்டும்" என்றான்.

மறுநாள் காளத்தியார் கைகூப்பினார். "மன்னா, எனக்கு ஒரு நோய்."

"என்ன நோய்?"

"சபையில் சொல்லும்படியானது அல்ல. உட்கார்ந்தால் நெருப்பு. நின்றால் அரிப்பு. சொறியலாம் என்றால் பதவி இடம் கொடுக்கவில்லை."

மன்னனின் கண்கள் கலங்கின. "எல்லாரும் பத்தடி பின்னால் போங்கள்!" என்று அதட்டிவிட்டு அருகே குனிந்தான். "காலையில்... எரியுமா?"

"மிளகுக் கோழி தின்ற மறுநாள் கேட்கவே வேண்டாம்."

"ஐயோ, ஐயோ! உமக்குப் போய் இப்படியா! மருந்து உண்டா?"

"எங்கள் ஊர் மருத்துவச்சி சொல்கிறாள். அகன்ற அண்டாவில் இளஞ்சூடான நீர் நிரப்பி மூன்று வேளையும் அதில் உட்கார வேண்டுமாம். பிறகு துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டுமாம். சொறியவே கூடாது. கோழிக்கும் மிளகுக்கும் பதில் கீரை, கருணைக்கிழங்கு மசியல், மோர், நிறையத் தண்ணீர். காலைக்கடனுக்குப் போன இடத்தில் ராஜாங்க யோசனையில் உட்கார்ந்துவிடக் கூடாது. முக்கவும் கூடாது."

"அதுவும் கூடாதா?" என்றான் மன்னன் ஏமாற்றத்துடன்.

"கூடாதாம். ஆனால் வயதானவன், எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது முதலில் செய்து பார்த்தால்..."

மன்னன் நெஞ்சை நிமிர்த்தினான். "உமக்காக நானே செய்து பார்க்கிறேன் காளத்தியாரே. ஒரு மன்னன் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?"

அன்றே மன்னன் அறைக்கு அண்டா போனது. ஐந்தாம் நாள் மன்னன் யாளியை மறந்தான். பத்தாம் நாள் அரியணையின் விளிம்பில் மெல்ல அமர்ந்தான். சபை முழுவதும் ஒரே மூச்சில் "அப்பாடா" என்று உட்கார்ந்தது.

பத்தடி தள்ளி நின்ற செண்டலங்காரருக்கு ஒன்றும் காதில் விழுந்திருக்கவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் வேறு. அமைச்சருக்கு நடுவே பள்ளம் வைத்த பட்டு மெத்தை வந்தது. அவர் வீட்டுக்கும் ஓர் அண்டா போனது. மன்னன் தினமும் அவரை அழைத்து ரகசியமாக நலம் விசாரித்தான். செண்டலங்காரருக்கு வயிறு எரிந்தது.

பௌர்ணமியன்று இரு மன்னர்களும் ஒரே பீடத்தில் அமர்ந்து கைகோத்த கையோடு, செண்டலங்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மன்னா! அமைச்சருக்கு வந்த அதே நோய் எனக்கும் வந்திருக்கிறது. அவருக்கு வந்ததைவிட இரு மடங்கு!"

"அடடா, உமக்குமா!" மன்னன் குரல் இளகியது. "அரிப்பு உண்டா?"

"தாங்க முடியவில்லை."

"எங்கே அதிகம்?"

செண்டலங்காரர் விழித்தார். காளத்தியாரைப் பார்த்தார். காளத்தியார் விதானத்து ஓவியத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"நெற்றியில், மன்னா."

"நெற்றியிலா?"

"தலைப்பாகை படும் இடத்தில். அமைச்சருக்கும் அங்கேதானே?"

மன்னன் வாயை இறுக மூடிப் பார்த்தான். முடியவில்லை. விருந்தாளி மன்னரோடு அமர்ந்திருந்த பீடமே அதிரும்படி அவன் சிரித்தான், அதுவும் உட்கார்ந்தபடியே.

"நெற்றிக்கு வந்துவிட்டால் கடுமைதான்," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு மண்டலம் கருணைக்கிழங்கு மட்டும் தின்னும். சபையில் நின்றுகொண்டே இரும். நிற்பதன் பெருமை உமக்குத்தானே நன்றாகத் தெரியும்!"

மூன்று வைத்தியர்களும் விடுதலையானார்கள். காளத்தியாரின் மோதிரம் விரலிலேயே இருந்தது. அவருக்கு மன்னன் பரிசும் தந்தான், யாருக்கும் கிடைக்காத பரிசு. கோட்டை வாசலில் ஒரு கல்வெட்டு: 'அமைச்சர் காளத்தியாருக்கு வந்த மூலத்தை, மருந்தைத் தம் திருமேனியில் சோதித்து மன்னர் தீர்த்தருளினார்.'

ஒரு நாளும் அந்த நோய் வந்திராத காளத்தியார் அதை இரண்டு முறை படித்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க, சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஊரார் கரிசனமாகக் கேட்டார்கள்: "ஐயா, இப்போது எப்படி இருக்கிறது?"

"மன்னர் புண்ணியத்தில் உட்கார முடிகிறது," என்பார் அவர், முழங்காலைத் தடவிக்கொண்டு.

அதில் பொய் ஒன்றும் இல்லை.