ஓடையை நகர்த்திய பன்றி

ஒரு காட்டில் ஓடை ஒன்று இருந்தது. ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை. மலைப்பாறையில் ஊறிய தண்ணீர் அடிவாரத்துக்கு வந்ததும் மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். இருட்டிலேயே ஓடி, காட்டின் நடுவே இருந்த குளத்தில் போய்த்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். யானை முதல் தவளை வரை எல்லாரும் அந்தக் குளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

ஓடையைக் காத்து வந்தது ஒரு நண்டு. நண்டுக்கு எட்டுக் கால்கள், குழந்தைகளே. கொடுக்குகளையும் சேர்த்துப் பத்து என்பவர்களும் உண்டு. அவர்களோடு நமக்கு வழக்கு வேண்டாம். கால் எத்தனையானாலும் நண்டின் நடை பக்கவாட்டில்தான். பேச்சு மட்டும் நேராக இருக்கும்.

மண்ணுக்கடியில் எறும்புகளின் தானியக் கிடங்கும் இருந்தது. பெருச்சாளியின் பாதையும் இருந்தது. ஆகவே அந்தக் காட்டில் ஒரு வழக்கம். குழி தோண்ட நினைப்பவர் முதலில் தரையைக் காலால் தட்டி, "கீழே இருப்பவர்களே, தோண்டப் போகிறேன்!" என்று கூவ வேண்டும். பிறகு ஒரு பகல் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் கீழே இருப்பவர்கள் மேலே வந்து, தங்கள் இடம் எங்கே, வழி எங்கே என்று தரையில் அடையாளம் வைப்பார்கள். எறும்புகள் குன்றிமணி வைக்கும். பெருச்சாளி காய்ந்த புல் போடும். நண்டு வெள்ளைக் கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கும்.

அந்தக் காட்டில் ஒரு பன்றி இருந்தது. அதற்கு நீளமாக ஒரு வடமொழிப் பெயர் சூட்டலாம். ஆனால் கூப்பிட்டால் திரும்பாது. பன்றி என்றே சொல்வோம். எதையும் முதலில் செய்துவிட்டு அப்புறம் யோசிப்பது அதன் குணம். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

பன்றியின் மனைவி நிறைமாதமாக இருந்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழைக்கு முன்னால் ஒரு குழி வேண்டும். பிள்ளைகளை நனைய விட்டு வளர்க்க முடியாது" என்றாள் அவள்.

"இலுப்பை மரத்தடியில் தோண்டுகிறேன்" என்றது பன்றி.

"நல்ல நிழல்தான்."

"நிழலுக்காக இல்லை. இலுப்பை பூக்கும் காலத்தில் படுத்தபடியே வாயைத் திறந்தால் போதும், பூ நேராக உள்ளே விழும். அந்த இடத்தைப் படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்."

பன்றி வழக்கப்படி தரையைத் தட்டிக் கூவியது. மாலைக்குள் அடையாளங்கள் வந்துவிட்டன. குன்றிமணி தொலைவில் கிடந்தது. காய்ந்த புல்லும் ஒதுங்கியே போயிற்று. கிளிஞ்சல் வரிசை மட்டும், பூ விழும் அந்த இடத்தின் நட்டநடுவே போனது.

"நண்டாரே, இது என்ன அநியாயம்?" என்றது பன்றி.

"அநியாயம் இல்லை, ஓடை" என்றது நண்டு. "இந்த வரிசைக்கு இரண்டு பக்கமும் உம் உடம்பு நீளத்துக்குக் கோரைப்பல்லை வைக்காதீர். தோண்டியே தீர வேண்டும் என்றால் குளம்பின் நுனியால் மெல்லச் சுரண்டும். ஈரம் தெரிந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடும்."

"சுரண்டுவதற்கு நான் என்ன கோழியா?"

"கோழியாக இருந்தால் நான் ஏன் கவலைப்படுகிறேன்?" என்று சொல்லிவிட்டு நண்டு பக்கவாட்டில் இறங்கிப் போயிற்று.

விடிந்ததும் பன்றி மரத்தடிக்கு வந்தது. கிளிஞ்சல்களை ஒரு பக்கம் நின்று பார்த்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தது. எந்தப் பக்கம் நின்றாலும் அவை நடுவில்தான் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, சற்றுத் தள்ளி வைக்கத் தொடங்கியது. வரிசை கோணாமல் பார்த்துக்கொண்டது. அந்த மட்டில் அது பொறுப்பான பன்றி.

மரத்தின் மேலே ஒரு குரங்கு இருந்தது. அடுத்தவர் வேலையைப் பார்ப்பதுதான் அதன் வேலை.

"பன்றி மாமா, என்ன செய்கிறீர்கள்?"

"ஓடையை நகர்த்துகிறேன்."

"கிளிஞ்சலை நகர்த்தினால் ஓடை நகருமா?"

"மந்த புத்தி! கிளிஞ்சல் இருக்கும் இடத்தில்தானே ஓடை இருக்கும்?"

"ஆமாம்."

"இப்போது கிளிஞ்சல் எங்கே இருக்கிறது?"

"அங்கே."

"அப்படியானால் ஓடை எங்கே?"

குரங்கு வாலைச் சொறிந்தது. "மாமா, இவ்வளவு படித்த உங்களை இந்தக் காடு தாங்காது. ஒரு சின்ன உதவி. சிறுத்தையின் காலடித் தடம் என் மரத்துப் பக்கம் வருகிறது. அதையும் கொஞ்சம் பக்கத்துக் காட்டுக்கு நகர்த்திவிடுவீர்களா?"

"முதலில் இந்த வேலை முடியட்டும்" என்றது பன்றி, மிகவும் யோசனையாக.

பிறகு தோண்டியது. மண் பறந்தது, வேர்கள் தெறித்தன. சிறிது நேரத்தில் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"கீழே கேட்டீர்களா?"

"கேட்டேன். அடையாளம் வைத்துவிட்டார்கள். அதோ பார், ஓடை அவ்வளவு தூரத்தில் போகிறது."

"குழிக்குள் மண் ஈரமாக இருக்கிறதே?"

"குளிர்ச்சி! பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது."

அவள் புல்லைப் பரப்பி உள்ளே இறங்கிப் படுத்தாள். சுகமாகத்தான் இருந்தது.

"தலைக்கு மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கிறது" என்றாள்.

"இவ்வளவுதானே? ஒரே ஒரு குத்து" என்றது பன்றி.

குத்தியது. குத்திய இடத்தில் ஓடை இருந்தது.

தண்ணீர் முதலில் அதன் மூக்கில் அடித்தது. பிறகு புல் மெத்தையைத் தூக்கியது. அடுத்து, மெத்தையின் மேல் இருந்தவளைத் தூக்கியது. பன்றி பின்னாலிருந்து முட்டித் தள்ள, அவள் சேறும் சகதியுமாய்க் கரையேறி நடுங்கினாள்.

"எனக்கு வலி எடுக்கிறது. குழி எங்கே?" என்றாள்.

பன்றி குழியைப் பார்த்தது. அங்கே குழி இல்லை. ஒரு குட்டை இருந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

ஓடை இங்கே கொட்டினால் குளத்துக்கு என்ன போகும்? சற்று நேரத்தில் மான்கள் வந்தன. தவளைகள் குதித்துக் குதித்து, கத்திக் கத்தி வந்தன. எல்லாருக்கும் பின்னால் யானை வந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வது யானையின் குணம். கேள்வி கேட்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. அன்று கேட்டது.

"குளத்தில் தும்பிக்கையை விட்டேன். சேறு வந்தது. அதையே குடித்தும் விட்டேன். யார் செய்த வேலை இது?"

"நண்டு செய்த வேலை!" என்று பன்றி முந்திக்கொண்டது. "ஓடை அங்கே போகிறது என்று அடையாளம் வைத்தார். நம்பி இங்கே தோண்டினேன். என் மனைவி மூழ்கியே போயிருப்பாள்!"

எல்லாரும் பார்த்தார்கள். கிளிஞ்சல்கள் அங்கேதான் இருந்தன; தண்ணீர் இங்கே இருந்தது. பொய் அடையாளம் வைத்தவர் காட்டை விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே பழைய கட்டளை. நண்டோ அந்த ஓடையிலேயே பிறந்தது. வேறு தண்ணீர் அறியாதது.

"நான் பார்த்தேன்! மாமாதான் நகர்த்தினார்!" என்று மேலேயிருந்து குரங்கு கத்தியது.

"சிறுத்தை வருகிறது என்று கத்தி எங்களை முள்ளுக்குள் ஓடவிட்டவன் நீதானே? உன் சாட்சி செல்லாது" என்றது மான். பிறகு நண்டைப் பார்த்து, "என்ன சொல்கிறீர்?" என்றது.

நண்டு கண்களைக் காம்போடு ஒரு சுற்றுச் சுற்றியது.

"பன்றியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு சின்ன ஐயம். கிளிஞ்சல் இருக்கும் இடத்தில் ஓடை இருக்க வேண்டும். அப்படித்தானே, பன்றியாரே?"

"அப்படியேதான்! அதில் என்ன ஐயம்?"

"எல்லாரும் கேட்டுக்கொண்டீர்களா?"

கேட்டுக்கொண்டார்கள்.

நண்டு கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. பன்றியின் முதுகில் ஏறியது. கழுத்தில் தொடங்கி வால்வரை, கோணாமல், வரிசையாக வைத்தது. மேலெல்லாம் சேறு அப்பியிருந்ததால் நன்றாக ஒட்டிக்கொண்டன.

"கூசுகிறது! என்ன இது?" என்றது பன்றி.

"ஓடையை நகர்த்துகிறேன்" என்றது நண்டு. பிறகு யானையைப் பார்த்து, "ஐயா, சேற்றைக் குடித்தேன் என்றீர்களே. ஓடை இப்போது பன்றியாருக்குள் ஓடுகிறது. உங்கள் தந்தத்தால் ஒரே ஒரு குத்து" என்றது.

"எங்கே குத்தட்டும்?" என்றது யானை.

"நடுக் கிளிஞ்சலுக்கு நேர் கீழே."

"பலமாகவா?"

"முதலில் மெதுவாக. வரவில்லையென்றால் பார்த்துக்கொள்ளலாம்."

யானை தலையைத் தாழ்த்தித் தந்தத்தைக் குறி பார்த்தது. தவளைகள் நல்ல இடமாகப் பார்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டன.

"ஐயையோ! நிறுத்துங்கள்!" என்று பன்றி அலறியது. "யாருக்காவது புத்தி இருக்கிறதா? கிளிஞ்சலை நகர்த்தினால் தண்ணீரும் கூடவே வருமா? காலையில் நானே நகர்த்தினேன், வரவில்லையே!"

கிளையிலிருந்து குரங்கு கீழே விழும் சத்தம் கேட்டது. சிரிப்புத் தாங்காமல் விழுந்திருந்தது.

தீர்ப்புச் சொல்ல ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. நண்டின் சுற்றத்தார் களிமண் சுமந்து வந்தார்கள். ஓடையின் உடைந்த வாயை அடைக்குமுன், சரிந்த மண்ணை எடுக்க வேண்டியிருந்தது. அதைப் பன்றி எடுத்தது. குளம்பின் நுனியால், கோழியைப் போல. கொஞ்சம் வேகம் கூடினால் நண்டு காதைப் பிடித்துக் கிள்ளியது. குளத்துக்குத் தண்ணீர் திரும்பியபோது மழையின் முதல் துளிகள் விழுந்தன.

அப்போதுதான் பன்றிக்கு நினைவு வந்தது. "என் மனைவி எங்கே?"

சற்றுத் தள்ளி, மெல்லிய 'க்ரீச்' 'க்ரீச்' சத்தம் கேட்டது. பன்றி ஓடிப் போய்ப் பார்த்தது. காலையில் அது கிளிஞ்சல்களைக் கொண்டுபோய் வைத்த அதே இடம். அங்கே காய்ந்த மண்ணில் ஒரு சின்னக் குழி. உள்ளே அவள் படுத்திருந்தாள். வயிற்றோரம் கோடு போட்ட குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. இலுப்பைக் கிளைகள் குடை பிடிக்க, ஒரு துளிகூட உள்ளே விழவில்லை.

"இங்கே எப்படி..." என்று பன்றி இழுத்தது.

"நண்டார் கிளிஞ்சல்களை எடுத்துப் போனதும் இங்கே தட்டிக் கேட்டேன். 'வலி எடுத்துவிட்டது, உடனே சொல்லுங்கள்' என்றேன். எறும்பு வந்து, பெருச்சாளி வந்து, ஒரு குட்டி நண்டும் வந்து, 'இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, தோண்டிக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூக்காலேயே தோண்டிக்கொண்டேன்."

பன்றி இந்தக் குழியைப் பார்த்தது. திரும்பி அந்தக் குட்டையைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பன்றி கால் நீட்டிப் படுக்கலாம். இரண்டு பன்றி படுத்தால் இடிக்கும்.

"இவ்வளவு பாடுபட்டு ஓடையை நகர்த்தினீர்களே" என்றாள் மனைவி. "குழியை நகர்த்தியிருக்கக் கூடாதா?"

நீதி: மண்ணைத் தோண்டுமுன் அதனடியில் என்ன இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும், கேட்டுப் பெற்ற பதிலைத் தன் வசதிக்குத் திருத்தக் கூடாது.