சிங்கமீசை யாருக்குச் சொந்தம்?

உசிலம்பட்டிச் சந்தையில் மீசைத் தைலம் விற்றது ஒரு பொம்பளை, ஒச்சம்மா. தைலத்துக்கு அவள் வைத்த பேர் ‘சிங்கமீசை’. ஒருநாள் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார் கம்பெனி முதலாளி திருமேனிநாதன்.

“சிங்கமீசை இருபது வருஷமா என் கம்பெனிப் பேரு. நீதான் முதல்ல வச்சேன்னா அத்தாட்சி காட்டு, இல்லேன்னா கடையைக் கட்டு” என்று வியாபாரிகள் சங்கத்தில் குதித்தார்.

தைலம் காய்ச்சுகிற சட்டியைத் தவிர ஒச்சம்மாவிடம் ஏது அத்தாட்சி? சங்கத் தலைவர் சிவனாண்டியின் முறுக்கு மீசையை ஒரு பார்வை பார்த்தாள்.

“பேரை அவரே மகராசனா வச்சுக்கிடட்டும் தலைவரே. ஆறு வருஷத்துக்கு முன்னால சிங்கமீசைத் தைலம் தடவி உங்க மீசை கொத்துக் கொத்தா உதிர்ந்துச்சே, அந்தப் பழி என்மேல வந்துருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.”

தலைவர் திகைத்துப்போய்க் கண்ணை உருட்டினார். முதலாளி அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயோ, அது நானில்லீங்க! நான் இந்தப் பேரை எடுத்ததே போன தீபாவளிக்குத்தான். அதுக்கு முன்னால வித்ததெல்லாம் இந்தம்மா சரக்கு!”

சங்கமே கொல்லென்று சிரித்தது. தலைவர் மீசையை நீவிக்கொண்டே கேட்டார்: “ஏத்தா, என் மீசை எப்ப உதிர்ந்துச்சு?”

“எப்படிங்கய்யா உதிரும்? நீங்க தடவுறது என் தைலமாச்சே!”