கதவத் தொறக்காத இருவாச்சி

ஒரு காட்டுல ஒரு மரம். எவ்வளவு ஒசரம்னு கேக்காத, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், அவ்வளவு ஒசரம். அந்த மரத்துல ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள்ள ஒரு இருவாச்சியம்மா. ம் கொட்டு அம்மிணி. நீ ம் கொட்டுனாத்தான் இந்த அத்தைக்குக் கதை வரும்.

"ம்."

அப்படி. இருவாச்சின்னா பெரிய பறவை. மஞ்ச மூக்கு, இத்தாச்சோடு, இந்தா இந்த மொழங்கை நீளம், அதுக்கு மேல இன்னொரு மூக்கக் கவுத்து வெச்சாப்புல ஒரு கொண்டை. றெக்கைய அடிச்சா ஹூஷ், ஹூஷ், ஹூஷ்னு காடு பூராக் கேக்கும், பழைய கரி ரயிலு மேடு ஏறுற மாதிரி. காடுன்னா நம்ம ஊரு கருவேலங்காடு இல்ல. ஆனமலைக்கு மேல இருக்கிற மழைக்காடு. மழை நின்னு போனாலும் மரம் நிறுத்தாது, சொட்டு, சொட்டு, சொட்டுன்னு சொட்டிக்கிட்டே இருக்கும். காலக் கீழ வெச்சா அட்டை ஏறும்.

"அட்டை வேண்டாம்."

சரி, அட்டை வேண்டாம், அதத் தட்டி உட்டுட்டேன். அப்போ அந்த இருவாச்சியம்மா முட்டை வெக்கிற காலம் வந்துச்சு. ஊட்டுக்காரரு இருவாச்சியப் பாத்து, "நான் உள்ள போயி வாசல மூடிக்கறேன்"னு சொன்னா. சொன்னபடி உள்ள போனா. மண்ணு, பழச்சக்கை, அவ எச்சம், எல்லாத்தையும் கொழச்சு வாசல அப்பு அப்புன்னு அப்பிப்போட்டா.

"எச்சமா? சீ."

என்ன சீ? அதுதான் அவளுக்குச் சிமெண்டு. காஞ்சா கல்லு. பாம்பு வராது, மரநாயி வராது. நடுவுல ஒரு சின்னச் சந்து மட்டும் உட்டா. ஊட்டுக்காரரு மூக்கு நுனி நொழையற அளவுக்கு. அந்தச் சந்து வழியா அவரு அத்திப்பழம் ஊட்டோணும். அதுதான் அவளுக்கும் அவ குஞ்சுக்கும் சோறு. அவரு வெளிய நின்னு, "பசிச்சா என்ன பண்ணுவ?"ன்னு கேட்டாரு. "நீ வருவ"ன்னா. "நான் வராட்டி?" "நீ வருவ"ன்னு மறுபடியும் சொன்னா. அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் உள்ள அவ றெக்கையில இருந்த பெரிய எறகெல்லாம் உதுந்து போச்சு. அது அப்படித்தான், திரும்ப மொளைக்கும். ஆனா மொளைக்கிற வரைக்கும் பறக்க முடியாது. அப்போ குஞ்சும் பொரிஞ்சு வந்துச்சு. தோலும் வயிறுமா, கண்ணத் தொறக்காம, கிய்ய், கிய்ய்னு. அவளால வெளிய போக முடியாது, அவரு வந்தாத்தான் உசுரு. தெரியுதா?

"ம்."

அப்போதான் வந்துச்சு ஒரு ஜீப்பு. டுர்ர்ர். பரீட்ச லீவுல காட்டு மிருகம் பாக்கோணும்னு ஒரு குடும்பம். அதுல பெரியவரு ஞானசுந்தரம். கழுத்துல கேமரா. கேமராவா அது, ஒலக்க. அவருகூட அவரு சேக்காளி ஒருத்தரு. அப்புறம் ஞானசுந்தரத்தோட தம்பி, தம்பி சம்சாரம் சுகந்தி, சுகந்தி இடுப்புல கைக்கொழந்தை. அந்த சுகந்தி இருக்காளே, ஊட்டுக்காரரோட அண்ணன் முன்னால சத்தமாத் தண்ணி கூடக் குடிக்க மாட்டா. ஜீப்புல பின்னாடி மூலையில ஒக்காந்து வந்தா.

மொதோ நாளு. மரத்துக்கு நேரா, அடியிலயே முக்காலிய நட்டு, கேமராவப் பொருத்தி, ஞானசுந்தரம் நின்னுட்டாரு. "அம்மா இருவாச்சி, கொஞ்சம் மூஞ்சியக் காட்டு சாமி, உன்னப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்"னு கொஞ்சுனாரு. உள்ள இருந்து அவ சொன்னா, "காட்ட மாட்டேன்."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

அவங்களுக்கு க்ராக், க்ராக்னுதான் கேட்டுச்சு. நமக்குத்தான் பேச்சு புரியும். அப்போ தூரத்துல ஹூஷ், ஹூஷ், ஹூஷ். அப்பன்காரன் தொண்ட நெறையப் பழத்தோட வந்தான். கீழ பாத்தான். ஆளு, ஆளு, ஆளு. கூடு இருக்கிற எடத்த எவனுக்கும் காட்டப்படாதுன்னு அவங்க சாதிக்கே ஒரு பழக்கம் உண்டு. அப்படியே வளைஞ்சு திரும்பிப் போயிட்டான். ஞானசுந்தரம், "போயிட்டு வருவான், காத்திருப்போம்"னாரு. பொழுது சாயற வரைக்கும் காத்திருந்தாரு. இவரு காத்திருக்கிறதாலதான் அது வரலன்னு அந்த மனுசனுக்கு ஒறைக்கவே இல்ல. எனக்கு இந்த மாதிரி ஆளுகளக் கண்டாலே ஆகாது. நீ பொறந்தப்போ நாலு பேரு வந்தாங்க, தூங்கற புள்ள மூஞ்சிக்கு நேரா வெளக்கப் போட்டு, எழுப்பி, கன்னத்தக் கிள்ளி, நீ அழுதா "ஏன் அழுகுறா?"ங்கறாங்க. சரி, கதைக்கு வாறேன்.

ரெண்டாம் நாளு. ஞானசுந்தரத்தோட சேக்காளி போன எடுத்தாரு. அதுல இருவாச்சி கத்தற சத்தம் வெச்சிருந்தாரு. "இதப் போட்டா ஓடி வரும் பாருங்க"ன்னு ஸ்பீக்கருல மாட்டிப் போட்டாரு. க்ராக், க்ராக், க்ராக். அவ்வளவுதான், அப்பன்காரன் எவனோ வேத்து ஆளு தன் மரத்துக்கு வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டு, காடு பூரா, ஹூஷ் இங்க, ஹூஷ் அங்க, இல்லாத ஒருத்தனத் தேடித் தேடிச் சண்டைக்கு அலைஞ்சான். பழத்த மறந்தான். பொழுது போச்சு. உள்ள குஞ்சு, கிய்ய். அம்மாக்காரிக்குக் கோவம் மண்டைக்கு ஏறுச்சு. "அது என்ற ஊட்டுக்காரரு கொரல் இல்ல. யார ஏமாத்தறீங்க?"ன்னு கேட்டுட்டு, திரும்பி நின்னு, சந்து வழியா ஒண்ணு உட்டா பாரு. புளிச்.

"எச்சமா?"

எச்சந்தான். சரியா கேமரா கண்ணு மேல. அத்திக்கொட்டையோட. சிரிச்சியா? சிரி, சிரி. சுகந்தியும் சிரிச்சா. சேலைத் தலப்ப வாயில வெச்சுக்கிட்டு, சத்தம் வராம. ஞானசுந்தரம் திரும்பிப் பாத்தாரு, அவ தலயக் குனிஞ்சுக்கிட்டா. ஆனா அவ காதுல அந்தக் கிய்ய் விழுந்துட்டே இருந்துச்சு. நேத்தைக்குக் கேட்டத விட இன்னைக்குச் சன்னமா இருக்குதேன்னு அவளுக்குச் சுருக்குன்னுச்சு. புள்ள பெத்தவளுக்கு அந்தச் சத்தம் எந்த மொழியில வந்தாலும் தெரியும்.

"குஞ்சு செத்துப் போயிருமா அத்தை?"

கேளு, கேளு. மூணாம் நாளு. அன்னைக்கோட லீவு முடியுது. ஞானசுந்தரம் ஒரு நீள மூங்கில வெட்டிக்கிட்டு வந்தாரு. மேட்டுப் பக்கமா ஏறி நின்னா பொந்துக்கு எட்டும். "லேசா ஒரு தட்டு தட்டுனா மூக்க நீட்டும், ஒரே ஒரு படம், போயிரலாம்." தட், தட். அவ நீட்டல. தட், தட், தட். உள்ள குஞ்சு வெடவெடன்னு நடுங்குது. அம்மாக்காரி ரெண்டு நாளாப் பட்டினி. இருந்தாலும் மூங்கில் நுனி சந்துக்கிட்ட வந்துச்சு பாரு, மூக்கால கவ்விப் புடிச்சா. கடக். உடவே இல்ல. கீழ அவரு இழுக்கறாரு, மேல இவ இழுக்கறா. "தொறக்க மாட்டேன். இது என்ற ஊடு. என்ற வாசல். தொறக்கோணும்னா நான் தொறப்பேன், நீ தட்டுனாத் தொறக்காது"ங்கறா. மூங்கில் நுனி பொளந்து போச்சு. அவரு குப்புற விழப் போனாரு.

"ஹை."

அப்போ பாத்து சுகந்தி கொழந்தை அழுதுச்சு. வீல்னு. பசி. சுகந்தி ஒரு பாறை மேல ஒக்காந்து, சேலையப் போத்திக்கிட்டு, பால் குடுக்க ஆரம்பிச்சா. ஒடனே என்ன ஆச்சுன்னா, யாரும் ஒண்ணும் சொல்லாமயே, ஞானசுந்தரம் அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. சேக்காளியும் திரும்பி மரத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. நம்ம பக்கமெல்லாம் அது வழக்கந்தானே, தாய் பால் குடுக்கிற எடத்துல ஆம்பளைக மொகத்தத் திருப்பிக்குவாங்க. கொழந்தை சப்பு, சப்புன்னு குடிச்சுது. மேல குஞ்சு, கிய்ய். ரொம்பச் சன்னமா. இந்தக் கொழந்தை குடிக்குது, அந்தக் கொழந்தை பட்டினி. சுகந்திக்குக் கண்ணு கலங்குச்சு. அப்புறம் கலங்குன கண்ணு செவந்துச்சு.

அவ எழுந்திரிச்சா. கொழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா நடந்து போயி, கேமராவுக்கு முன்னால நின்னா. கேமராவுக்கும் மரத்துக்கும் நடுவுல.

"மாமா"ன்னா. "நான் பால் குடுக்கும்போது நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. யாரும் சொல்லல, நீங்களாத் திரும்புனீங்க. மேல பொந்துல இருக்கிற இவளுக்கு மட்டும் ஏன் திரும்ப மாட்டேங்கறீங்க?"

ஞானசுந்தரத்துக்கு ஒண்ணும் புரியல. இத்தன வருசத்துல இந்தப் புள்ள தன்கிட்ட இப்படிப் பேசி அவரு கேட்டதே இல்ல. "தள்ளு புள்ள"ன்னாரு. "மாட்டேன்"னா. "லீவு இன்னைக்கோட முடியுதும்மா, ஒரே ஒரு படம்." அவ சொன்னா, "லீவு நமக்குத்தான் மாமா. அவளுக்கு லீவு இல்ல. நாம வந்ததுல இருந்து அவ சோறு திங்கல. நாம நின்னா அவ ஊட்டுக்காரரு வர மாட்டாரு. அவரு வராட்டி அந்தக் குஞ்சு செத்துரும். இப்பப் படம் புடிக்கோணும்னா என்னையத்தான் புடிக்கோணும். நான் நகர மாட்டேன்."

அப்போ மேல இருந்து க்ராக்னு ஒரு சத்தம். "நானும் நகர மாட்டேன்"னு இருவாச்சியம்மா சொன்னா. ரெண்டு பேரும். ஒருத்தி மேல, ஒருத்தி கீழ.

"அப்புறம்?"

ஞானசுந்தரம் தம்பியப் பாத்தாரு. "என்னடா, உன்ற பொண்டாட்டி என்ன பேசறா பாரு"ங்கற மாதிரி. தம்பி தரையப் பாத்தான். நல்லவன்தான், ஆனா வாயில்லாதவன். அப்புறம் என்ன நெனச்சானோ, வந்து, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, முக்காலியோட கேமராவத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு ஜீப்பு பக்கம் நடக்க ஆரம்பிச்சான். கேமரா போனா ஞானசுந்தரம் போயித்தானே ஆகோணும்? "டேய், டேய், மெதுவாடா, லென்ஸுடா"ன்னு பின்னாலயே ஓடுனாரு. சேக்காளி ஸ்பீக்கர எடுத்துக்கிட்டு நடந்தாரு.

வளைவு தாண்டி, அக்கட்டால, பெரிய மூங்கில் பொதருக்குப் பின்னால எல்லாரும் ஒக்காந்தாங்க. மரத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு. சுகந்திதான் ஒக்கார வெச்சா. "பேசக் கூடாது, திரும்பக் கூடாது"ன்னா. சொட்டு, சொட்டு, சொட்டு. ஒண்ணையும் காணோம். சேக்காளிக்குக் கால்ல அட்டை ஏறுச்சு, அவரு வாயத் தொறக்கல. ஐயோ, அட்டை வேண்டாம்னு சொன்னியே, மறந்துட்டேன். இன்னும் சொட்டு, சொட்டு. சுகந்தி காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா. நேரம் கடந்து போச்சோ, அந்தக் குஞ்சு சத்தமே கேக்கலையேன்னு.

அப்போ.

ஹூஷ்.

ஹூஷ், ஹூஷ்.

அவங்க தலைக்கு மேலயே போச்சு. மரத்து எல சடசடன்னு ஆடுச்சு. ஞானசுந்தரத்தோட கழுத்து மெதுவா, மெதுவா, தானாத் திரும்புச்சு. "மாமா"ன்னா சுகந்தி. அந்த ஒரு வார்த்தைதான். கழுத்து திரும்பி வந்துருச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு மனுசன்.

பின்னால சத்தம் மட்டும் கேட்டுச்சு. டொக், டொக்னு அப்பன்காரன் மரத்தத் தட்டறான். "வந்துட்டேன்"ங்கறான். "தெரியும்"ங்கறா அவ. களுக்குன்னு தொண்டையில இருந்து ஒரு பழம். சந்து வழியா உள்ள. அவ திங்கல. குஞ்சு வாயில வெச்சா. சத்தம் இல்ல. இன்னொரு பழம், களுக். சத்தம் இல்ல. சுகந்தி தன் கொழந்தைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. மூணாவது பழம், களுக்.

கிய்ய்ய்.

காடே கேக்கற மாதிரி. கோவமா. இன்னும் குடு, இன்னும் குடுன்னு. சுகந்தி அழுதுட்டா. ஞானசுந்தரத்துக்கும் கண்ணுல தண்ணி, வேர்வைன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டாரு. ஜீப்பு கெளம்பற வரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

"அப்போ யாருமே இருவாச்சியப் பாக்கலையா அத்தை?"

யாரும் பாக்கல.

"போட்டோ?"

ஒண்ணு கூட இல்ல. ஊருக்கு வந்ததும் எல்லாரும், "லீவுக்குப் போனீங்களே, என்ன பாத்தீங்க?"ன்னு கேட்டாங்க. ஞானசுந்தரம் கேமராவத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. சுகந்தி உள்ளிருந்து, நல்லாச் சத்தமா, அவரு முன்னாலயே சொன்னா, "பாக்காம வந்தோம்"னு. அவரும் ஆமான்னு தலயாட்டுனாரு.

"ம்..."

கதை கூடு சேந்துருச்சு, வாசல மூடியாச்சு. நீயும் அந்தப் பக்கம் திரும்பிப் படு கண்ணு. அத்தை பாக்க மாட்டேன். தூங்கு.