சிவப்புத் துணி கட்டிய பீர்க்கங்காய்

ஒரு வீட்டில் ஒரு சிவப்புத் துணித்துண்டு இருந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அடுப்படி ஆணியில் சும்மா தொங்கும். புரட்டாசி பிறந்தால்தான் அதற்கு உத்தியோகம்.

அந்த வீட்டுக்காரி செண்பகம், ஆனி மாதமே கொல்லையை மனசுக்குள் பங்கு போட்டுவிடுவாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் பக்கம் கீரை. வெயில் விழும் இடத்தில் மிளகாயும் கத்தரியும். யார்மேலும் நிழல் விழாதபடி வடக்கு மதிலோரம் பீர்க்கம்பந்தல். ஆடியில் விதை ஊன்றினால் புரட்டாசியில் காய் பறிக்கலாம். பந்தலிலேயே நல்ல காயாக ஒன்றைப் பார்த்து, பிஞ்சிலேயே காம்பில் அந்தச் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். அது விதைக்கு விட்டது. யாரும் தொடக்கூடாது. ஐப்பசி மழையைத் தாண்டிக் கொடியிலேயே முற்றிக் காயவேண்டும்.

அந்த விதை அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. கல்யாணத்தன்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். இருபத்தெட்டு வருடமாக, இந்த வருடத்துக் காயின் விதைதான் அடுத்த வருடத்துக் கொடி. மிச்சம் என்று எடுத்துவைக்கும் வழக்கம் இல்லை. வேறு யாரிடமும் அந்த விதை இல்லை.

துணிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: தான் ஏறி உட்கார்ந்தால் கத்தி கிட்டே வராது.

"என்னை ஏன் பறிக்கவில்லை?" என்று அந்த வருடத்துக் காய் கேட்டது.

"நான் இருக்கிறேன் அல்லவா! என் மதிப்பு அப்படி" என்றது துணி. பாவம், அதற்குத் தலைகால் புரியவில்லை.

துணி கட்டிய நான்காம் நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். கோழி அடிக்க முடியாத நாள். பறித்த காய்களை எல்லாம் முந்தின நாள்தான் செண்பகம் தெருவுக்குப் பங்கு வைத்திருந்தாள்.

அவள் புருஷன் பரமசிவன் பந்தலடிக்கு வந்து நின்றார்.

"ஏட்டி, அந்தச் சேப்புத் துணிக் காயப் பறி."

"அது விதைக்கு விட்டதுங்க. கடையில போயி வாங்கிட்டு வாங்களேன்."

"கடைக் காயா? எங்க வீட்டுப் பீர்க்கங்காயப் போல உண்டுமான்னு கல்யாணப் பந்தலிலேயே சொல்லி வச்சிருக்கேன். மானம் போயிரும்ட்டி."

செண்பகம் பந்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கொடி நுனியில் கடைசியாக ஒரு காய் தொங்கியது; அதற்குமேல் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. கோணல் காய், தலை பருத்து வால் சூம்பியிருந்தது. துணியை அவிழ்த்து அதில் கட்டினாள்.

"என்னை விட்டுப் போகிறாயே" என்றது நல்ல காய்.

"நான் போகிற இடம்தான் விதைக்காய்" என்றது துணி.

கோணல் காய் நெளிந்தது. "எனக்கு இது வேண்டாம். நான் பூத்த அன்று மழை. வண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. என் வயிற்றில் ஒன்றும் இல்லை."

"வாயை மூடு. என்னைக் கட்டிக்கொண்டு இப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று துணி அதட்டியது.

கொடி மட்டும் மெல்லச் சொன்னது: "துணியை மாற்றலாம். விதையை மாற்ற என்னால் ஆகாது."

அன்று அந்த நல்ல காயில் கூட்டு, தோலில் துவையல். சம்பந்தி இலையை வழித்துச் சாப்பிட்டார். பரமசிவனுக்கு உச்சி குளிர்ந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. கார்த்திகையில் கொடி காய்ந்தது. மார்கழிப் பனியிலும் துணி விடாமல் அந்தக் கோணல் காயைக் காவல் காத்தது. அதன் உழைப்பில் குறை சொல்ல முடியாது.

ஆடி பிறந்தது. செண்பகம் காய்ந்த கோணல் காயை உடைத்து விதைகளைத் தட்டி, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டாள். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும்.

எல்லாம் மிதந்தன. கையால் அமுக்கினாள். விட்டதும் மேலே வந்தன.

பக்கத்தில் கிடந்த துணிக்குப் பொறுக்கவில்லை. "ஏ தண்ணீரே, இவை என்னைக் கட்டியிருந்த காயின் விதைகள்!"

"எனக்குத் துணி தெரியாது. கனம்தான் தெரியும்" என்றது தண்ணீர்.

செண்பகம் சட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போன அம்மாவை மறுபடியும் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது அவளுக்கு.

"விடுட்டி, கடையில பாக்கெட் விதை வாங்கிக்கிடுவோம்" என்றார் பரமசிவன். அவள் மிதந்த விதைகளை மறுபடியும் அமுக்கினாள்.

அப்போது போன் அடித்தது. சம்பந்திதான். குரல் வாசல்வரை கேட்டது.

"போன புரட்டாசியில சாப்பிட்ட அந்தப் பீர்க்கங்காய் ருசி இன்னும் நாக்குலயே நிக்கி. நாங்களும் ஒரு பந்தல் போட்டிருக்கோம். அந்த விதையில நாலு குடுத்தனுப்புங்க மச்சான்."

பரமசிவன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னட்டி சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றாள் செண்பகம். "அந்த விதையத்தான் அன்னைக்கே கூட்டு வச்சுப் பரிமாறிட்டோம்னு."