நனைந்த முகமூடி

"மறுபடியும்" என்றார் ஆசான் நொபுசுகே.

குராத்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து இது ஒன்பதாவது முறை.

நாளை மறுநாள் கோயில் மேடையில் 'நோ' என்னும் ஜப்பானிய முகமூடி நாடகம். காதலனைப் பறிகொடுத்து, செத்த பிறகும் அவனை மறக்க முடியாமல் வரும் பெண்ணின் ஆவியாக, மர முகமூடி அணிந்து குராத்தா ஆட வேண்டும். இருபது வருடம் பின்பாட்டுப் பாடியே காலம் தள்ளிய மனிதருக்குக் கிடைத்த முதல் வேடம். அவர் மனைவியின் நினைவு நாளும் அன்றுதான். அவளுக்காகவே அந்த வேடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தார். ஆசானுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அந்த எரிச்சல் வேறு.

ஆடி முடித்தார். ஆசான் முகமூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உட்புறம் ஈரம்.

"திரும்பவும் அழுதீர்களா? மரம் ஊறிவிடும் என்று எத்தனை தடவைதான் சொல்வது!"

"அழாமல் எப்படி ஆடுவது? காதலனை இழந்தவள் அவள்!"

"உங்களுக்கு இது சரிவராது. வேறு ஆளைப் போடுகிறேன்."

குராத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"இழப்பைப் பற்றி எனக்கா பாடம்? உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூன்று வருடம் ஆகிறது!"

கத்தி முடித்த பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்பது உறைத்தது. வேடம் போயே போய்விட்டது என்று நினைத்தார்.

ஆசான் பட்டுத்துணியால் முகமூடியின் ஈரத்தை ஒற்றியெடுத்தார்.

"நேற்று இங்கிருந்து வீட்டுக்குப் போனதும் என்ன செய்தீர்கள்?"

"இதென்ன கேள்வி? கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றினேன்."

"அப்புறம்?"

"ஊரில் எல்லோரும் செய்வதுதான். வாசலில் நின்று 'வந்துவிட்டேன்' என்று குரல் கொடுத்தேன்."

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"யாருமில்லை."

"குரல் கொடுத்தபோது அழுதீர்களா?"

"இல்லை." தலையைக் குனிந்துகொண்டார். "எப்போதும் போலத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்."

"எதற்கு?"

"பதில் வருமோ என்று."

ஆசான் முகமூடியை அவர் கையில் வைத்தார்.

"இவளும் அதற்குத்தான் மேடைக்கு வந்து நிற்கிறாள்."